நடுவீட்டுத் தகரப்பெட்டி

எங்கள் கோவில்பட்டி வீட்டின் முன்னறையில், சுவரையொட்டி இருக்க வேண்டிய தகரப்பெட்டி ஒன்று நட்டநடுவில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது அதில் கால்விரலை இடித்துக்கொள்வார்கள். போன மாதம் பெயிண்ட் அடிக்க வந்தவர் அதை வெளியே தூக்கி வைக்கலாமா என்று கேட்டார். "அது அங்கனயே இருக்கட்டும் அண்ணாச்சி, மேல தாளைப் போட்டு மூடிட்டு அடிங்க" என்றாள் அம்மா.

அது அங்கே வந்தபோது எனக்கு ஒன்பது வயது. விளாத்திகுளத்தில் மாமா புது வீடு கட்டிப் பால் காய்ச்சியிருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா, அந்த வீட்டுச் சுவர் மாங்காய் ஊறுகாய் நிறத்தில் இருப்பதாகச் சொன்னார். அம்மா வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான் பதில் வந்தது.

"ஊறுகாயோ என்னமோ, அவிய வீட்டுல செவருன்னு ஒண்ணு இருக்கு. இங்கன சுண்ணாம்பு உதுந்து சோத்துல விழுது."

அதில் பொய் இல்லை. கரிசல் மண்மேல் நிற்கும் வீடு. கோடை வந்தால் தரைக்கடியில் மண் பிளக்கும், கூடவே சுவரும் பிளக்கும்.

"மூணே நாள்ல நானே அடிச்சுக் காட்டுதேன்" என்றார் அப்பா.

"அடிங்க. என் தரையில ஒரு சொட்டு விழட்டும், அன்னைக்கே விளாத்திகுளம் பஸ் ஏறிருதேன்."

தரை அம்மாவுடையது. முந்தைய வருடம் போட்ட சிவப்பு சிமிண்டுத் தரை. துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, குனிந்தால் முகம் தெரியும்படி வைத்திருந்தாள். அன்று மாலையே பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கி உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு திறந்தபோது பெட்டி பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. அதற்குப் பிறகு இருவரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை.

அப்பாவுக்கு மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வே வேலை. மூன்று நாள் விடுப்புப் போட்டார். தரை முழுக்கப் பழைய பேப்பரை இரண்டு அடுக்காக விரித்து, ஓரங்களை மைதாப் பசையால் ஒட்டினார். சுவிட்சுப் பலகைக்குப் பாலித்தீன் பை மாட்டினார். விரிசல்களைப் பூசி அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். என் ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி பிரஷ் காம்பில் செருகிக்கொண்டார். உத்தரத்தை நோக்கிப் பிரஷைத் தூக்கும்போது வழிகிற பெயிண்ட் அந்தக் கிண்ணத்தில் நின்றுவிடும். பந்து போனதற்கு நான் அழவில்லை. விளாத்திகுளம் பஸ்தான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஈரத்துணியும் கையுமாக அப்பா காலடியிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் சொல்லாமல் நானே எடுத்துக்கொண்ட வேலை அது.

இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது.

"ஏட்டி, மூலையில தாள் தூக்குதுன்னு ஒங்கப்பாட்ட சொல்லு" என்பாள் அம்மா, வாசற்படியில் நின்றுகொண்டு.

"ஃபேன் காத்துக்குத் தூக்குதுன்னு ஒங்கம்மாட்ட சொல்லு" என்பார் அப்பா, நான்கடி தூரத்தில் ஸ்டூல்மேல் நின்றுகொண்டு.

"அப்ப ஃபேனை நிப்பாட்டச் சொல்லு."

"நிப்பாட்டுனா வேர்வைல்லா சொட்டும்? வேர்வை விழுந்தாலும் பஸ் ஏறுவாளான்னு கேளு."

கேட்டேன். அம்மா சட்டென்று அடுப்படிக்குத் திரும்பினாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்தது.

இரண்டு நாளில் நான்கு சுவரும் இளநீலமாகின. தரையில் எதுவும் விழவில்லை. மூன்றாம் நாள் ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சை எனாமல். தண்ணீரில் போகாது, மண்ணெண்ணெய்க்குத்தான் போகும். என் ஈரத்துணிக்கு அதனிடம் வேலை இல்லை. நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது என்று அப்பா தாள்களைச் சுருட்டி எடுத்தார். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"கடைசிக் கம்பிக்குப் பின்பக்கம் அடிக்கலைன்னு சொல்லு."

அப்பா டப்பாவில் பிரஷைத் தோய்த்துக்கொண்டு, வெறும் தரையின் குறுக்கே ஜன்னலுக்கு நடந்தார். அறையின் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். போய் அதன்மேல் இடது காலை வைத்து நின்றுகொண்டேன்.

அம்மா உள்ளே வந்தாள். சுவரோரமாகச் சுற்றி நடந்தாள். குனிந்து தரையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ ஏன் அங்கனயே நிக்கே?"

"சும்மா."

"இங்க வா."

"கால் மரத்துப் போச்சு."

ஜன்னலருகே அப்பாவின் பிரஷ் நின்றுவிட்டது. அம்மா என் காலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். தகரப்பெட்டியின் வளையம் அசையும் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்தது, இனி பஸ்தான் என்று தோன்றியது. கண்ணீர் வழிந்தது. காலை மட்டும் எடுக்கவில்லை.

"ஏங்க, ஒரு கை பிடிங்க. பெட்டி கனமா இருக்கு."

மூன்று நாளில் என் வழியாக வராத முதல் வார்த்தை அது. அப்பா பிரஷை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். நின்ற இடத்திலிருந்தே கதவிடுக்கில் பார்த்தேன். இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி ஒரே தூக்கு. பெட்டி வெறும் டப்பா மாதிரி அவர் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. ஒரு அடி பின்னால் தடுமாறினார். அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"நெறம் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பிறகு இருவரும் ஆளுக்கொரு வளையமாகப் பிடித்து, மெதுவாக, மூச்சு வாங்கியபடி அதை முன்னறைக்குக் கொண்டுவந்தார்கள்.

"ஏட்டி, தள்ளு."

நான் காலை எடுத்த இடத்தில் பெட்டி உட்கார்ந்தது. அம்மா கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. "போய்க் காலைக் கழுவிட்டு வா" என்றாள். தினமும் சாயங்காலம் சொல்வதுதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் மண்ணெண்ணெய் இருந்தது. என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

சொட்டை மறைத்ததைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: அம்மாவின் அத்தனை சேலையும் அடைத்த பெட்டியை எங்கள் அப்பா ஒரே மூச்சில் நெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டார், அவ்வளவு பலசாலி.