சுவரைப் பார்த்து நிற்கிறவர்

யாராவது விசைப்பலகையில் கை வைத்துவிட்டால் போதும், அவர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருக்கும். "அடிங்க," என்பார் சுவரிடம். "நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்குங்க."

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஓடும் கணினிகளில் மறந்துபோன நிர்வாகிக் கடவுச்சொல்லை மீட்டுக் கொடுப்பது அவர் தொழில். அச்சகம், பல் மருத்துவமனை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி என்று எங்கெல்லாம் ஒரு புண்ணியவான் இலவசமாக லினக்ஸை நிறுவிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போனாரோ, அங்கெல்லாம் பின்னாலேயே இவர் போவார். வயது ஐம்பத்திரண்டு. கடைத்தெருவில் 'முதுகு' என்றால்தான் தெரியும். "பாஸ்வேர்டு மறந்துபோச்சா? முதுகக் கூப்பிடு" என்பார்கள். அதில் அவருக்கு வருத்தமில்லை. மனைவிக்குத்தான் குறை. "இவரு மொகத்தப் பாத்தவங்களவிட முதுகப் பாத்தவங்கதான் ஊர்ல ஜாஸ்தி. நாளைக்குக் காணாமப் போனா அடையாளம் சொல்லக்கூட ஆளிருக்காது."

பழக்கம் வேலையோடு நிற்பதில்லை. பணம் எடுக்கும் இயந்திரத்துக்கு வரிசையில் நின்றால், முன்னால் இருப்பவர் எண்ணை அழுத்தும்போது இவர் தெருப்பக்கம் திரும்பிவிடுவார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பும்போது இரண்டு பேர் நடுவில் புகுந்திருப்பார்கள். வீட்டில் மகள் கைப்பேசியைத் திறந்தால் சாப்பாட்டுத் தட்டோடு திரும்பிக்கொள்வார். இப்படியே இருபது வருடம் ஓடியதில், ஊரில் எந்த அலுவலகச் சுவரில் ஈரம் கசிகிறது, எங்கே போன வருட நாட்காட்டி இன்னும் தொங்குகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கொத்தனார்கள்கூட இவரிடம் வந்து விசாரிப்பதுண்டு.

ஆரம்பத்தில் அவரும் எல்லோரையும் போலப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒரு நாள் ஒரு மர டிப்போவில் குமாஸ்தா அடித்த கடவுச்சொல் கண்ணில் பட்டுவிட்டது. அது ஒரு பெண்ணின் பெயர். குமாஸ்தாவின் மனைவி பெயர் அது அல்ல என்று இவருக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த அம்மாள் இவருக்குத் தங்கை முறை. அதற்கப்புறம் இருபது வருடமாக அந்த வீட்டில் அவர் கை நனைக்கவில்லை. ஏன் என்று தங்கை கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

வேலை என்று பார்த்தால் நாலு நிமிடம்தான். கணினி கண் விழிக்கும்போதே ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். அதில் ஒரு வரியின் வாலில் சில எழுத்துகளைச் சேர்த்துவிட்டால், கணினி ஒன்றும் கேட்காமல் நிர்வாகி என்றே நினைத்து உள்ளே விட்டுவிடும். வன்வட்டில் எழுத அனுமதி கொடுத்து, ஒரே ஒரு கட்டளையைப் போட்டுப் புதிய கடவுச்சொல்லை இரண்டு முறை அடித்தால் முடிந்தது. புதிதாகச் செய்கிறவர்கள் அனுமதி கொடுக்க மறந்துவிட்டு, மாறவே மாட்டேன் என்கிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இவருக்குத் தூக்கத்தில்கூட வரும்.

ஆனால் போன உடனே அதைச் செய்யமாட்டார். கணினிக்குச் சொந்தக்காரரை உட்காரவைத்து, அரை மணி நேரம் அவரையே முயன்று பார்க்கச் சொல்வார். சிலர் நிறுவும்போதே கோப்புகளையெல்லாம் தனியாகப் பூட்டிவைக்கச் சொல்லி திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் குறி போட்டிருப்பார்கள். அங்கே புதுக் கடவுச்சொல் பலிக்காது. "வாசக் கதவ நான் தெறந்துருவேங்க. உள்ள பீரோவுக்குப் பழைய சாவிதான். அது ஒங்க கையிலதான் இருக்கு" என்பார். கை என்று அவர் சொல்வது விரல்களை. தலை மறந்ததை விரல் மறக்காது என்பது அவர் சித்தாந்தம். பையில் எப்போதும் தடித்த பழைய விசைப்பலகை ஒன்று இருக்கும். ஒவ்வொரு விசையும் பாக்கு வெட்டுகிற மாதிரிச் சத்தம் போடும். முதுகைத் திருப்பியபடி நடப்பதைத் தெரிந்துகொள்ள அவருக்கு அந்தச் சத்தம் போதும்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டார். மறந்துவிட்டது என்கிறவர்களில் பாதிப் பேருக்கு மறக்கவில்லை. எதை வைத்தோம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான். முதலாளியைத் திட்டி வைத்திருப்பார்கள், அல்லது யாரையாவது கொஞ்சி வைத்திருப்பார்கள். இவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றால் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

போன மாதம் பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்திலிருந்து அழைத்தார்கள். நீளமான அறை, பதினொரு தையல் இயந்திரங்கள், ஒன்றும் ஓடவில்லை. வெட்டாத துணிக் கட்டுகள் ஜன்னல் வரை அடுக்கியிருந்தன. தைக்கிற பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் கணினி. அதன்மேல் சீருடைத் துணியிலேயே நீல நூலால் எழுத்துத் தைத்து ஒட்டியிருந்தது: 'தொடாதே. அணைக்காதே.'

கூடத்தை நடத்துகிற அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் அளவுகள் அந்தக் கணினிக்குள் இருந்தன. ஏற்றியாயிற்றே என்று அளவெடுத்த தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். பிள்ளைகளோ விடுமுறைக்கு மூலைக்கொருவராகப் போய்விட்டார்கள். பள்ளி திறக்க ஒன்பது நாள். சீருடை போகாவிட்டால் அடுத்த வருடம் வேலை வேறு கூடத்துக்குப் போய்விடும். இந்தக் கூடத்துக்கு அந்தப் பள்ளியை விட்டால் வேறு கதியில்லை. முந்தின நாள் மின்சாரம் நாலு மணி நேரம் போனது. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கியது. கணினி அணைந்துவிட்டது.

"பாஸ்வேர்டு யாரும்மா வச்சது?"

"நான்தாண்ணே. மறந்துபோச்சு."

அவர் சோதித்துப் பார்த்தார். நினைத்தது சரி, உள்ளே பீரோவும் பூட்டித்தான் இருந்தது. தன் விசைப்பலகையை மாட்டி, அந்த அம்மாவை உட்காரவைத்து, திரும்பிக்கொண்டார். சுவரில் அளவு அட்டை ஒன்று தொங்கியது: ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உயரம், இடுப்பு, கை நீளம். முதல் வகுப்பைப் படித்து முடித்தார். பின்னால் சத்தமே இல்லை. இரண்டாம் வகுப்பையும் படித்தார்.

"என்னம்மா, ஒரு தட்டுக்கூட விழலையே?"

கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு விசை விழுந்தது. யோசித்து யோசித்து ஒற்றை விரலால் அழுத்துகிற சத்தம்.

"இது நீங்க வச்ச பாஸ்வேர்டு இல்லம்மா," என்றார் சுவரிடம்.

அம்மாவின் குரல் உடைந்தது. "தம்பி வச்சதுண்ணே."

எட்டு மாதத்துக்கு முன்னால், தம்பி ஏற்றிய அளவு பிசகி, ஒரு வகுப்புக்குக் கால்சட்டைகள் இரண்டு அங்குலம் குட்டையாகப் போய்விட்டன. பதினொரு பேர் முன்னால் அக்கா வாய்விட்டுக் கேட்டாள்: "நீ இல்லேன்னா இந்தக் கூடம் ஓடாதுன்னு நெனப்பாடா ஒனக்கு?" தம்பி, "ஓட்டிப் பாரு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அப்போது கணினி திறந்திருந்தது. திரை பூட்டிக்கொள்ளும் வசதியை அவன் எப்போதோ எடுத்துவிட்டிருந்தான். கடவுச்சொல்லை அவனிடம் போய்க் கேட்க அக்காவுக்கு மனம் வரவில்லை. அதனால் எட்டு மாதமாக அதை அணைக்கவே இல்லை. விடுமுறை நாளிலும் ஒருத்தி வந்து எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். அணையாவிளக்கு மாதிரிக் காத்துவந்திருக்கிறார்கள், ஒரு போன் செய்வதற்குப் பதிலாக.

"நான் கூப்பிட்டா எடுக்கமாட்டான்," என்றாள்.

"எடுக்கலேன்னா அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல கூப்பிடுங்க."

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "கரன்ட் போச்சுடா," என்றாள், அவ்வளவுதான்.

"மிஷின் அணைஞ்சிருச்சா?" கூடமே கேட்கும்படி வந்தது அவன் குரல்.

"ம்."

"வரேன்."

"போன்லயே சொல்லேன்."

"அது போன்ல சொல்ற மாதிரி இல்லக்கா. வரேன்."

இருபது நிமிடத்தில் வந்தான். முப்பத்தெட்டு வயது ஆள், வாசலிலேயே நின்றுகொண்டு, வேறு யார் வீட்டுக்கோ வந்த மாதிரி நிலைப்படியைப் பிடித்திருந்தான். பொத்தான் தைக்கிற பெண் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் இவரைப் பார்த்தார்கள்.

"எனக்கும் சரியா ஞாபகம் இல்ல சார்," என்றான் தம்பி.

"ஞாபகம் எதுக்குத் தம்பி? கை இருந்தாப் போதும். ஒக்காருங்க."

உட்கார்ந்தவன் விசைப்பலகையைத் தொடவில்லை. "அக்காவயும் திரும்பச் சொல்லுங்க சார்."

அக்கா வந்து இவர் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றாள். நாடாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். இவர் மூன்றாம் வகுப்பைப் படித்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பின்னால் சடசடவென்று மழை மாதிரி விழுந்தது. நடுவில் நின்றது. பெருமூச்சு. மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை நிதானமாக. எண்ணக்கூடாது என்று நினைப்பார், காது அவர் பேச்சைக் கேட்காது. பதினான்கு விசைகள். பிறகு என்டர்.

"தெறந்துருச்சு!" என்று பொத்தான் தைக்கிற பெண் கத்தினாள். பதினொரு நாற்காலிகளும் ஒரே சமயத்தில் நகர்ந்தன. அளவுப் பட்டியல் திரையில் இருந்தது, நானூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. யாரோ அதற்குள் துணிக் கட்டை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

"என்னடா வச்சிருந்த?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. மொதல்ல மாத்திரு அத." தம்பியின் காது மடல் சிவந்திருந்தது. இவர் அதைக் கவனிக்காமல் இருக்க, தன் பையைத் திறந்து மூடினார்.

மாற்றும் கட்டளையை இவரே போட்டுக் கொடுத்தார். பழையதை ஒரு முறை தம்பி அடிக்க வேண்டும், அடித்தான். புதியதை அக்கா அடிக்க வேண்டும். தம்பி எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். இவர் வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பினார். தம்பியும் வந்து பக்கத்தில் திரும்பி நின்றான். அவன் சட்டையில் வேறொரு கூடத்தின் சுண்ணக்கட்டித் தூள் படிந்திருந்தது.

"நீ எதுக்குடா திரும்பிக்கிட்ட?" என்றது அக்காவின் குரல். "இங்க வந்து பாரு. நாளைக்கு நான் மறந்துட்டேன்னா யாரப் போய்க் கேக்கறது?"

இவர் பக்கத்தில் தம்பி நின்றிருந்த இடம் காலியாயிற்று.

ஒற்றை விரல் விசைகளைத் தேடித் தேடி அழுத்தியது. "அங்க இல்லக்கா, மேல. ம், அதான்." இன்னொரு விசை. "திருப்பி ஒரு தடவ அடி. மெதுவா." யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், அக்காவா தம்பியா என்று தெரியவில்லை. என்டர் இரண்டாம் முறையும் விழுந்தது. முதல் தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

வேலை முடிந்துவிட்டது. அவர் திரும்பவில்லை. அளவு அட்டையில் எட்டாம் வகுப்பு வரை வந்திருந்தவர், ஒன்பதாம் வகுப்பின் கை நீளத்தை நிதானமாகப் படிக்கத் தொடங்கினார்.