பாலாவிச் சந்தியில் இறுகிய பிரேக்

இதை எழுத எனக்குத் தகுதி ஏதும் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். செபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல என்னை இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் கடைசி வாங்குப் பலகையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருப்பதும் மனதை உறுத்துகிறது. அதனால் எழுதித் தருகிறேன்.

என் மனைவி றீற்றா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஒப்பரேசன் செய்தவள். கற்பிட்டிப் பக்கத்திலிருந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்வர வேண்டும். பஸ்ஸில் ஏற முடியாது. ஆட்டோ பள்ளத்தில் விழும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொள்வாள். சத்தம் போடமாட்டாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

எங்கள் வீட்டு வளவில் ஒரு கார் நின்றது. என்னைவிட வயதில் மூத்தது. ஒரு இறால் பண்ணையில் கோழிகள் முட்டையிடக் கிடந்ததை வாங்கி வந்து, கடலுக்குப் போகாத நாட்களில் நானே பிரித்துப் பூட்டி ஓடவைத்தேன். முன் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்தால் அவளுக்கு வலி தெரியாது. "இப்பதான் நான் ராணி" என்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அந்தக் காரை நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன்.

தவக்காலத் தொடக்கத்தில் பிரேக் குழம்பியது. கொஞ்சத் தூரம் போனதும் கார் பாரம் இழுப்பதுபோல் ஆகும். கருகிய மணம் வரும். ஒருநாள் கிளினிக்குக்குப் போகும் வழியில் பாலாவிச் சந்தியில் பிரேக்கைத் தொட்டேன். வலது பக்கச் சில்லு மட்டும் சுழலாமல் கவ்விப் பிடித்தது. கார் திரும்பி, எதிரே வந்த சீமெந்து லொறிக்கு முன்னால் போய் நின்றது. லொறி ஒரு முழம் தள்ளி நின்றது. சாரதி சிங்களத்தில் ஏசினான். ஏசட்டும். என் கைகள் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை.

றீற்றாதான் பேசினாள். "ஒண்டும் நடக்கல்ல. மெதுவா எடுங்க."

உப்பளத்து ஓரமாக நிறுத்தி வைத்தோம். சூடு ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கார் ஓடியது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நாலு சில்லையும் கழற்றினேன். லைனர் நல்லது. ஸ்பிரிங் நல்லது. கைப்பிரேக் கம்பி இறுகியிருக்கவில்லை. உப்புக்காற்றில் குழாய் துருப்பிடித்திருக்குமோ என்று தடவிப் பார்த்தேன். பழைய பிரேக் எண்ணெய் கறுத்து வந்தது. அழுக்கு என்று நினைத்து, புதிதாக விட்டு, குழாயில் நின்ற காற்றையும் எடுத்தேன். பிரேக் எண்ணெய் விடும் சின்னக் கோப்பை மூடியின் றப்பர், தேநீரில் ஊறிய பாண் மாதிரிப் பொங்கியிருந்தது. பழசு என்று நினைத்து ஓரத்தைக் கத்தியால் சீவி மூடினேன். வளவுக்குள் ஓட்டினால் அருமையாக நிற்கும். றோட்டில் ஏற்றினால் பழையபடிதான்.

பாலாவியில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன். "கடலுக்குள்ள இறக்கி விடுங்க அண்ணே, மீனாவது குடியிருக்கும்" என்றான். சிரித்துவிட்டு வந்தேன். வரும் வழியில் அழுகை வந்தது.

அடுத்த கிளினிக் திங்கட்கிழமை. சனிக்கிழமை மறுபடியும் எல்லாவற்றையும் துடைத்துப் பூட்டினேன். பரவாயில்லை போலிருந்தது. இந்தக் காரிலேயே போவது என்று முடிவு செய்தேன். ஞாயிறு காலையில் ஒருமுறை தூரமாக ஓட்டிப் பார்க்கலாம் என்று சாவியை எடுத்தேன்.

"இண்டைக்குக் கடலுக்கே ஆள் போகல்ல. நீங்க மட்டும் காருக்குக் கீழ போகப் போறீங்களோ?" என்றாள் றீற்றா.

எனக்குக் கோபம் வந்தது. யாருக்காக இதெல்லாம் செய்கிறேன்? ஆனாலும் சாவியை வைத்துவிட்டுப் பூசைக்குப் போனேன்.

நற்கருணை வாங்கிவிட்டு முழங்காலில் நின்றபோது எனக்கு ஒரே ஒரு செபம்தான் வந்தது. "ஆண்டவரே, நாளைக்கு அவளை ஏற்றப் போகிறேன். பிழை எங்கே என்று காட்டும்." வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்போது மனதில் ஒரு கேள்வி வந்து நின்றது. உன்னைத் தவிர இந்தக் காரில் கை வைத்தது யார்? அந்த நினைப்பை நான் தேடி எடுக்கவில்லை. அது வந்ததும் தள்ளிவிடத்தான் பார்த்தேன். ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும்.

றீற்றாவின் அண்ணன், செபஸ்தி மச்சான். மகள் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளுக்குக் காரை இரவல் கேட்டார், கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் பிரேக் குழம்பியது. இரவல் கொடுத்துவிட்டு "என்ன செய்தீர்கள்?" என்று கேட்பது எங்கள் கரையில் ஆளைக் குற்றம் சாட்டுவது மாதிரி. நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்கவும் மாட்டேன்.

அன்று மத்தியானம் மச்சான் தானாகவே சாப்பிட வந்தார்.

"என்ன மச்சான், முகம் கருவாடு மாதிரிக் காஞ்சி கிடக்கு?"

"கார் பிரேக் மச்சான். சரிவருதில்ல."

"எப்ப தொடக்கம்?"

ஆண்டவரே என்று நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "உங்கட மகள்ட புதுநன்மைக்குப் பிறகு."

அவர் கை நின்றது. "அப்ப, நான் உடைச்சன் எண்டு சொல்றீங்களோ?"

"அப்பிடிச் சொல்லல்ல மச்சான்."

"நான் நல்லாத்தானே கொண்டு வந்து விட்டன்? தண்ணி, ஒயில், எல்லாம் நிரப்பித்தானே தந்தன்!"

"எல்லாம் எண்டா?"

"அந்தச் சின்னக் கோப்பையும் குறைஞ்சி கிடந்திச்சு. என்ட போட் எஞ்சினுக்கு வாங்கின கியர் ஒயில் புது டின் இருந்திச்சு. அதை உடைச்சி ஊத்தினன்."

எங்கள் கரையில் ஒருவர் எஞ்சினை இரவல் வாங்கினால், குறைந்ததையெல்லாம் நிரப்பித்தான் திருப்பிக் கொடுப்போம். நிரப்பினேன் என்று வாயால் சொல்லவும் மாட்டோம். சொன்னால் நன்றி கேட்பதுபோல் ஆகிவிடும். மச்சான் படகுக்கு வைத்திருந்ததில் நல்லதை எடுத்து ஊற்றியிருக்கிறார். ஆனால் அந்த எண்ணெய் பட்டால் பிரேக் றப்பர் எல்லாம் ஊதிவிடும். மிதித்த காலை எடுத்தாலும், உள்ளே போன எண்ணெய் திரும்பி வர வழி இருக்காது. சூடு ஏற ஏற இறுக்கும். நான் புது எண்ணெய் விட்டும் என்ன, ஊதிய றப்பர் ஊதினபடியே இருந்தது. அதோடு ஓடினால் ஒருநாள் பிரேக் முழுவதும் விட்டுப்போகும்.

விளங்கப்படுத்தியதும் மச்சான் கையைக் கழுவிவிட்டு முற்றத்தில் போய் நின்றார். தங்கையைக் கொல்லப் பார்த்தேனே என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது.

றீற்றா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போனாள். "அண்ணா, வந்து மிச்சச் சோத்தைச் சாப்பிடுங்க. எங்கட வீட்டில இனி வயித்தை மட்டும் நிரப்பினாப் போதும்."

அவர் சிரித்தார். பிறகு அழுதார். நானும்தான்.

பிரேக்கைச் சரிப்படுத்தித் தாரும் என்று ஆண்டவரிடம் நான் கேட்கவில்லை, பிழையைக் காட்டும் என்றுதான் கேட்டேன். ஆண்டவர் காட்டினார். என் கை போகாத இடத்தில், ஒருவருடைய நல்ல மனதுக்குள் பிழை இருந்தது. வாயைத் திறந்து கேட்டிராவிட்டால் நாலு சில்லையும் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டே அவளைச் சாவுக்குக் கூட்டிப் போயிருப்பேன்.

பிறகு மச்சானும் நானும் சேர்ந்து பிரேக் பம்பையும் குழாய்களையும் கழுவி, றப்பர் அத்தனையும் மாற்றினோம். இப்போது கார் சொன்ன இடத்தில் நிற்கிறது. எனக்கு இன்னும் கூச்சம் இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

ஆண்டவரிடம் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு நிற்பவர்கள் உங்களிலும் இருக்கலாம். பயப்படாமல் கேளுங்கள். ஆண்டவர் பதிலை யார் வாயில் வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அவரை நம்புங்கள். அவருக்கே நன்றி.

கார் சரிவருமுன், அந்தத் திங்கட்கிழமை கிளினிக்குக்காக மச்சான் கடலுக்குப் போகவில்லை. வாடகைக்கு வான் ஒன்று பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று பேரும் புத்தளம் போனோம். டொக்டர் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் வரச் சொன்னார்.