ராகினி ஏற்றுக்கொண்ட தவறு

மலாக்காவின் சுற்றுலா வழிகாட்டிகள் என்னை வாத்தியார் என்பார்கள். பள்ளியில் வெண்பாவை அலகிட்டுப் பழகிய கை; எந்த மொழிச் சொல்லைக் கண்டாலும் அசை பிரித்துக் கோடு போடுவேன். கைப்பேசியில் படித்த இத்தாலிய மொழியோ அரைகுறை. குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, அது நான்தான்.

ராகினி மலாக்காவின் புறநகரான புக்கிட் பெருவாங்கில் இருப்பவள். பன்னிரண்டு வருடம் உழைத்த தொழிற்சாலை மூடியதும், முப்பத்தெட்டு வயதில் வழிகாட்டி உரிமம் எடுத்தாள். இத்தாலியப் பயணிகளுக்கு நிரந்தரமாக ஒருவர் தேவை என்று ஒரு நிறுவனம் அறிவித்ததும் என்னிடம் வந்தாள்.

கிளேபாங் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து வினைச்சொற்களைப் பிரித்தோம். 'பார்லாரே' என்றால் பேசுவது. அழுத்தம் நடு அசையில். 'பார்லனோ' என்றால் அவர்கள் பேசுகிறார்கள். அதில் அவள் முதல் அசையை அழுத்தினாள்.

"தப்பும்மா. இதுலயும் நடுவுலதான். பார்-லா-னோ."

"வீடியோவுல இப்படித்தாண்ணே சொல்றாங்க லா."

"வீடியோ பெருசா, நான் பெருசா?"

பக்கத்து மேசையில் இருந்த வழிகாட்டிகள் சிரித்தார்கள். அவள் நோட்டில் முதல் அசைமேல் போட்டிருந்த அழுத்தக் குறியை அழித்துவிட்டு நான் சொன்ன இடத்தில் போட்டாள். இருபது வினைகளுக்கும் அப்படியே.

நேர்காணலுக்கு நானும் கூடப் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன், பெருமைக்கு. தேர்வு செய்ய வந்திருந்த இத்தாலியப் பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: அசை பிரிப்பது சரி, ஆனால் 'அவர்கள்' என்று வரும் வினைகளில் அழுத்தம் முன்னால் போகும், எல்லாவற்றிலும் ஒரே தவறு. யார் சொல்லிக்கொடுத்தது?

"யாருமில்லை. நானே படித்தேன்," என்றாள் ராகினி. என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை கிடைத்திருக்குமோ என்னவோ, பழியாவது இடம் மாறியிருக்கும். சட்டைப்பைப் பேனாவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வேலை வேறொருவருக்குப் போனது. திரும்பும்போது காரில், "காலையில சாப்டீங்களாண்ணே?" என்றுதான் கேட்டாள். அவளிடம் நான் இன்றுவரை மன்னிப்பு கேட்கவில்லை.

போன வாரம் நோட்டுப்புத்தகத்தோடு வந்தாள். அடுத்த வருடம் திரும்ப முயற்சி செய்கிறாளாம். "அண்ணே, இத மட்டும் அசை பிரிச்சுக் கொடுங்க."

கோடு போட்டுக் கொடுத்தேன். அழுத்தம் எங்கே என்று அவள் கேட்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அழுத்தக் குறியை அவளே போட்டுக்கொண்டாள்.