எனக்குக் கேட்காத நாக்கிங்

என் வண்டியின் இன்ஜின் நாக்கிங் அடிப்பது எல்லாருக்கும் தெரிந்து, கடைசியாகத்தான் எனக்குத் தெரிந்தது. விம்கோ நகரில் ஆட்களை ஏற்றிக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இறக்கிவிடும் ஏழு சீட்டு பெட்ரோல் வண்டி அது. சொந்தக்காரனும் நானே, டிரைவரும் நானே, ஓட்டம் தருவது மட்டும் ஒரு கான்ட்ராக்டர். அது நின்றால் வீட்டில் உலை வைக்க வேறு வழி கிடையாது. அப்படிப்பட்ட வண்டியின் சத்தம் பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்டது, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த எனக்குக் கேட்கவில்லை.

முதலில் சொன்னது தினமும் என் வண்டியில் வரும், துறைமுக யார்டில் கன்டெய்னர் சரிபார்க்கும் பெண். "அண்ணா, தகர டப்பால கோலிகுண்டு போட்டு ஆட்டுற மாரி ஒரு சத்தம் வர்து. இன்னான்னு பாரு." ரோடு அந்த லட்சணத்தில் இருக்கிறது என்று கடுப்பாகச் சொல்லிவிட்டேன். அடுத்த நாளும் சொன்னாள். அன்றைக்கு அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அவர்களை இறக்கிவிட்டு, பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துப் பார்த்தேன். ஆயில் குறைந்து பேரிங் தேய்ந்திருந்தால் அடியிலிருந்து டொக் டொக்கென்று கனமாக அடிக்கும். அதுதான் பெரிய ஆபத்து. இன்ஜினையே இறக்கிப் பிரித்தாக வேண்டும். அந்தச் சத்தம் இல்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன், அளவு சரியாகவே இருந்தது. வண்டியில் ஒன்றுமில்லை, ஏசி இல்லாததால் இவர்களுக்குக் கோபம் என்று நானே முடிவு கட்டினேன்.

டிரைவராவதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் இரும்பு அடிக்கும் தொழிற்சாலையில் இருந்தேன். சிவக்கக் காய்ந்த இரும்பின்மேல் மேலிருந்து சம்மட்டி இயந்திரம் விழும்போது தரையே எகிறும். அங்கே பேச்சு என்றால் கத்தல்தான். வீட்டுக்கு வந்தும் கத்துவோம். எங்கள் பக்கம் எல்லாருக்குமே குரல் பெரிது, இரண்டு பேர் நலம் விசாரிப்பதைப் பார்த்துச் சண்டை என்று விலக்க வந்த வெளியூர்க்காரர்கள் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் ஒருவனுக்குக் காது மந்தமானால் யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது.

பெண்கள் சொல்லி ஓயாததால் திருவொற்றியூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பாரம் இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும், யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்று போனில் சொல்லியிருந்தான். மனைவியை ஏற்றிக்கொண்டேன். வேலை முடிந்ததும் காசிமேட்டில் மீன் வாங்கித் தருவதாக ஆசை காட்டித்தான் அழைத்துப்போனேன்.

மெக்கானிக் என் பக்கத்தில் உட்கார்ந்தான், அவள் பின்னால். எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறும்போது நாலாவது கியரை மாற்றாமல் ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னான். மிதித்தேன்.

"கேக்குதாண்ணே?"

"இல்லியே."

"இப்போ?"

"இன்னாத்த கேக்கச் சொல்ற?"

அவன் விளையாடுகிறான் என்று நினைத்தேன். கண்ணாடியில் மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தைச் சுளித்து, காதோரம் கையை வைத்திருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஹாரன் கேட்கிறது, லாரியின் உறுமல் கேட்கிறது, இது மட்டும் கேட்கவில்லை. காது போன டிரைவரை எந்த கான்ட்ராக்டர் வைத்துக்கொள்வான்? இந்த வயதில் பழையபடி இரும்பு அடிக்கவும் போக முடியாது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினான். முனையெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. "ஓவர் சூடுண்ணே. ரேடியேட்டருக்கு இன்னா ஊத்துற?" போர் தண்ணீர் என்றேன். எங்கள் தெருவில் குழாயைத் திறந்தால் வருவது அதுதான், கடல் பக்கத்து உப்புத் தண்ணீர். அந்த உப்பு உள்ளே படிந்து பாதி வழியை அடைத்திருந்தது. அடைத்தால் இன்ஜின் சூடு இறங்காது. பிளக் பொறி விட்டபின் உள்ளே இருக்கும் பெட்ரோலும் காற்றும் வரிசையாக எரிய வேண்டும். சூடு ஏறியிருந்தாலும், கரி படிந்திருந்தாலும், பெட்ரோல் மட்டமாக இருந்தாலும் ஒரு பகுதி முந்திக்கொண்டு தானாகவே வெடித்துவிடும். அந்த அடிதான் நாக்கிங். விட்டால் பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும் என்றான்.

பாதிப் பழி என் கைக்கும் உண்டு. கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோகும்போது எங்கள் டிரைவர்கள் கியரைக் குறைக்க மாட்டோம். நாலாவதிலேயே திணறவிட்டு ஓட்டுவோம், பெட்ரோல் மிச்சமாம். "மெதுவா போறப்ப ரெண்டாவதுக்கு வாண்ணே. மிச்சம் புட்ச பெட்ரோலெல்லாம் இன்ஜின் செலவுல பூடும்" என்றான் மெக்கானிக். ரேடியேட்டரைக் கழுவி, உப்புத் தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ட் ஊற்றினான். இந்த இன்ஜினுக்கு உரிய பிளக்கை மாட்டினான். மருந்து விட்டுக் கரியை எடுத்தான். நாக்கிங்கைக் கண்டுபிடித்துச் சொல்லும் சென்சாரின் ஒயர் துருப்பிடித்திருந்தது, அதையும் மாற்றினான். மாலைவரை இழுத்தது வேலை.

மறுபடியும் அதே மேம்பாலம், அதே நாலாவது கியர்.

"சத்தம் போச்சு" என்றாள் மனைவி.

"சுத்தமா பூட்ச்சு" என்றான் மெக்கானிக்.

"ஆமா, பூட்ச்சு" என்றேன் நானும். எனக்கு முதல் தடவை பாலம் ஏறும்போதும் ஒன்றுதான், இப்போதும் ஒன்றுதான். அவர்களுக்கு நின்றது எனக்கு ஆரம்பிக்கவே இல்லை.

மெக்கானிக்கை இறக்கிவிட்டு காசிமேட்டை நோக்கிப் போனோம். கடற்கரைச் சாலையில் லாரி வரிசை நகரவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது மனைவியின் வாய் அசைவது தெரிந்தது. வண்டி நின்றுதான் இருந்தது, இருந்தும் ஒரு வார்த்தைகூட வந்து சேரவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

அவள் இறங்கி, முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தை என் பக்கம் திருப்பி, "உனக்கு அந்தச் சத்தம் கேக்கவே இல்ல, இல்ல?" என்றாள்.

"இல்ல."

"நான் பேசுறது?"

"கத்துனா கேக்குது."

அழப்போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை. "நாளிக்கு வண்டிய எடுக்காத. வேற வண்டிய அனுப்பச் சொல்லு. காது டாக்டராண்ட போலாம்" என்றாள். ஒரு நாள் போகாவிட்டாலே கான்ட்ராக்டர் ஆளை மாற்றிவிடுவான் என்றேன். "மாத்துனா மாத்தட்டும். ஏழு பேரு உசுரு உன் கைல கீது." பயமாக இருந்தது, சரி என்று தலையாட்டினேன்.

முன்னால் லாரி நகர்ந்தது. நான் முதல் கியரைப் போடும்போது என் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. தெனம் காலைல நீ வண்டிய எடுக்கறப்ப வாசல்ல நின்னு, பாத்து போய்யான்னு சொல்றேன். ஒரு நாளாச்சும் கேட்டுச்சா?"

கேட்டதில்லை என்றேன்.

"என் மேல இன்னா கோவமோ, திரும்பிக்கூட பாக்காம போறியேன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். "ரெண்டு வருசமா."