கமலநாதனின் காந்தமும் உஷாராணியின் தாலியும்

காப்பார் சாலையிலுள்ள பழைய இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவர் கமலநாதன். அந்தக் கிரேனில் கொக்கிக்குப் பதிலாக ஒரு பெரிய வட்டக் காந்தம் தொங்கும். அதைப் பற்றி அவருக்கு அலட்டல் ஜாஸ்தி. கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"உள்ளே செப்புக் கம்பிச் சுருள் இருக்கு லா. கரண்ட் ஓடுற வரைக்கும்தான் அது காந்தம். கரண்டை நிறுத்தினா வெறும் இரும்பு. லோரியையே தூக்கும். ஆனா தங்கம், செம்பு, அலுமினியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது!"

தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கிறேன் என்று, சமையலறைக்குப் பின்னால் ஓடாமல் கிடந்த வாஷிங் மெஷினைத் தன் கிடங்குக்கே கொண்டுபோய்ப் போட்டார். அதன் நெற்றியில் வெள்ளிக்கிழமைதோறும் புதுக் குங்குமப் பொட்டு இருக்கும். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு இன்னும் அழியவில்லை, நல்ல குங்குமம்தான் என்று நினைத்துக்கொண்ட மனிதரை என்ன சொல்வது?

மத்தியானம் அவர் மனைவி உஷாராணி பஸ் பிடித்து, தலைவிரி கோலமாகக் கிடங்குக்கு வந்து சேர்ந்தாள். சங்கிலி பறிக்கிறவர்களுக்குப் பயந்து, அசல் தாலிச் சங்கிலியைக் கழற்றி அந்த மெஷினின் மோட்டாருக்குப் பின்னால்தான் ஒளித்து வைத்திருந்தாள். கழுத்தில் கிடந்தது, பாசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய, அசப்பில் அதே மாதிரியான முலாம் சங்கிலி.

"நீங்க கட்டின தாலிங்க! அது கிடைக்காம நான் வீட்டுக்கு வரமாட்டேன்."

மெஷின் அதற்குள் நொறுங்கிக் குவியலோடு குவியலாகிவிட்டது. கமலநாதன் குவியலை ஒருமுறை சுற்றி வந்தார். ஆனாலும் அலட்டல் போகவில்லை.

"அழாதே உஷா. தங்கம் ஒட்டாது. இரும்பையெல்லாம் நான் தூக்கிடறேன். மிஞ்சுறதுல உன் தாலி கிடக்கும்."

கிரேனில் ஏறிக் கரண்டைப் போட்டார். தூக்கித் தூக்கி மறுபக்கம் கொட்டினார். தரையில் மிஞ்சியதை உஷாராணி கையால் துழாவினாள். அலுமினியச் சட்டி, செப்புக் கம்பி, உடைந்த பிளாஸ்டிக் வாளி. தாலியைக் காணோம். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கிரேனுக்குள் கமலநாதனும் அழுதார்.

கடைசிச் சுமையையும் கொட்டிக் கரண்டை நிறுத்தினார். அப்புறமும் காந்தத்தில் கொஞ்சம் மிச்ச இழுப்பு இருக்கும், ஆணி, திருகாணி போன்ற சில்லறைகள் விழாமல் நிற்கும். அவற்றுக்கு நடுவே மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது தாலிச் சங்கிலி.

காந்தம் கீழே இறங்கியதும் உஷாராணி பாய்ந்துபோய் அதைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இறங்கி வந்த கமலநாதனின் முகம் பேயறைந்தது போலிருந்தது.

"ஒட்டியிருக்கே. இது இரும்பு."

"அப்ப இத்தனை வருஷமும் எனக்கு இரும்பையா கட்டியிருந்தீங்க?"

"ஐயோ, சத்தியமா தங்கம்தான்! எங்கே, கழுத்துல இருக்கிறதைக் கழட்டு."

வாங்கிக் காந்தத்தில் வைத்துப் பார்த்தார். அது ஒட்டவில்லை, நழுவி அவர் உள்ளங்கையிலேயே விழுந்தது.

ஒளித்து வைத்த அன்று அவசரத்தில் மாற்றி வைத்திருக்கிறாள். வருஷக்கணக்காக முலாமுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு, அசலை மாட்டிக்கொண்டு பாசார் மாலத்தில் இடிபட்டிருக்கிறாள், பஸ்ஸில் தூங்கி விழுந்திருக்கிறாள். ஒரு திருடனும் சீண்டவில்லை.

கமலநாதன் விழுந்து விழுந்து சிரித்தபடி அசலை அவள் கழுத்தில் போட்டுவிட்டார். உஷாராணி சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு, தான் வந்த ரோட்டைப் பார்த்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படிங்க வீட்டுக்குப் போவேன்?"