அங்கிளின் மடி

போன வாரம் பாணேரில், ஒரு லிஃப்டுக்குள், தாடிக்கார இளைஞன் ஒருவன் என்னிடம், "அங்கிள், விச் ஃப்ளோர்?" என்று கேட்டான். அவனுக்கே பாதித் தலை வழுக்கை. என் மாடி வருவதற்குள் கண்ணாடியைப் பார்த்துத் தொப்பையை உள்ளிழுத்தேன், அது நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், எதிரியின் பூர்வீகத்தைத் துருவும் வெறியோடு அகராதியைப் பிரித்தேன்.

அந்தச் சொல்லின் மூதாதை ரோமாபுரிக்காரர். அங்கே அதற்கு அம்மாவுடன் பிறந்தவன் என்று மட்டும்தான் பொருள். அப்பாவுடன் பிறந்தவருக்கு வேறு சொல். பிரெஞ்சுக்காரர்கள் வழியாக இங்கிலாந்துக்குள் நுழைந்தது, போகப்போக இரண்டு பக்கத்தாரையும் சேர்த்து விழுங்கிவிட்டது. இந்தியாவில் கேட்கவே வேண்டாம், மீசை முளைத்த எவனையும் விட்டுவைக்கவில்லை. தாய்மாமனாகப் பிறந்த சொல், லிஃப்டில் என் மானத்தை வாங்கும் அளவுக்குச் சீரழிந்திருக்கிறது.

படித்து முடித்தபோது என் கை காது மடலைத் தடவிக்கொண்டிருந்தது.

எங்கள் குடும்பம் அப்போது மராட்டியர் நாட்டில், ஏரவாடாவில் இருந்தது. ஏழு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. திருநெல்வேலியிலிருந்து தாய்மாமன் வர வேண்டும், அவர் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். இந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் மாமாவுக்கு லீவு கிடைப்பதே இல்லை. கடைசியில் கிடைத்தேவிட்டது. மாமா கடுக்கனோடு ரயிலேறினார். கேம்ப் பகுதியிலிருந்து ஆசாரி ஊசியோடு வந்து உட்கார்ந்தார். நான் குளியலறையில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

அப்போது கீழ்வீட்டு மராட்டி அங்கிள் மூச்சிரைக்க மேலே வந்தார். கட்டடத்துக்கே ஒரே டெலிபோன் அவர் வீட்டில்தான்.

"வஹினி, போன் ஆயா. காடி தவுண்ட்ல நிக்குது. சாயங்காலம்தான் வரும்" என்று அம்மாவிடம் சொன்னார். காடி என்றால் ரயில்; மாமா தவுண்ட் ஸ்டேஷனிலிருந்து பேசியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணை மராட்டியர் வஹினி, அதாவது அண்ணி என்பார்கள். நிக்குது, வரும் போன்ற தமிழெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் நின்றே அவர் பிடித்துக்கொண்டது.

நான் டிரம்முக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, ஊசியைப் பார்த்துச் சிரித்தேன். அத்தகைய தைரியம் என் வாழ்க்கையில் பிறகு வரவே இல்லை.

"பத்து மணியோட நல்ல நேரம் முடிஞ்சிரும். நாளைக்கு ஆடி பொறந்துரும்லா" என்றார் அப்பா.

"அதுக்காக மாமன் மடியில்லாம குத்தப்பிடாது" என்றாள் அம்மா. இத்தனை தூரத்தில் வந்து குடியிருக்கிறோம், பிள்ளைக்கு ஒரு நல்ல காரியமென்றால் பிறந்த வீட்டு ஆள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை என்று முணுமுணுத்தாள்.

அங்கிள் கிளம்பாமல் நின்றார். "எங்களுக்கும் மாமா மடிதான். நான் உக்காரட்டா?" என்று தயங்கிக் கேட்டார்.

என் வக்கீல் மூளை வேலை செய்தது. "இவரு அங்கிள்லா! மாமா இல்லியே! அங்கிள் மடி செல்லாது!" என்று கத்தினேன்.

கேஸ் ஜெயித்துவிட்டது என்றே நினைத்தேன். அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மனைப்பலகையை இழுத்துப் போட்டு, தனக்குத் தெரிந்த கொஞ்சம் மராட்டியில், "பாவூ, பஸா" என்றாள். சகோதரா, உட்காருங்கள்.

அவர் உட்காரவில்லை. "ஏக் மினிட்" என்று படியிறங்கி ஓடிவிட்டார். பெரிய மனுஷனுக்கே ஊசி என்றால் பயம், சாட்சியும் ஓடிவிட்டது, இனி எனக்கென்ன என்று நான் நிம்மதியாக நின்றேன்.

திரும்பி வந்தார். குளித்து, தலைவாரி, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு. அவருடைய மடியில் விழுந்தபோது நாப்தலீன் உருண்டை வாசனை அடித்தது. நான் போட்ட கூச்சலில் தெரு நாய்கள் குரைத்தன. ஆசாரி மெல்லிய தங்கக் கம்பியைச் செருகினார். அங்கிளின் முழங்காலில் நான் விட்ட உதைக்கு அவர் அசையவே இல்லை.

சாயங்காலம் வந்த மாமா என் காதைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார். "என் மடியக் காலி பண்ணிட்டீயளே! இவன் கல்யாணத்துல மாமன் சீருல பாதி உங்க பொறுப்பு, ஆமா" என்று கடுக்கனை அவர் கையிலேயே கொடுத்தார். நான் மறுபடி டிரம்மைத் தேடி ஓடினேன்.

அன்றிலிருந்து அங்கிள் அம்மாவை வஹினி என்பதில்லை. தாயி என்றார், அவர்கள் பாஷையில் அக்கா. தீபாவளி முடிந்து, சகோதரிகளைப் பார்க்கப் போகும் பாவ்பீஜ் நாளில், அந்த ஒரே மாடியை அதே வெள்ளைச் சட்டையில் ஏறி வந்து காலிங்பெல் அடித்தார். மற்ற நாளெல்லாம் கைலியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்.

ஒரு நிமிஷ ஊசிக்கு எதற்காக ஒரு மனிதர் ஓடிப்போய்க் குளித்துச் சட்டை மாற்ற வேண்டும் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பயந்தவர்களுக்கு வியர்க்கும், அதனால்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.