சிறுநீருக்காகச் செய்த செபம்

இந்தச் சாட்சியை எழுத நான்கு வருடம் தயங்கினேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். கோயிலில் மற்றவர்கள் வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது என்று எழுந்து சொல்கிறார்கள். நான் எதைச் சொல்வது? என் மகளுக்குச் சிறுநீர் வர வேண்டும் என்று கேட்டேன், ஆண்டவர் கொடுத்தார். இதுதான் என் சாட்சி. கூச்சமாக இருந்தாலும் படியுங்கள்.

நான் ராயபுரத்துக்காரன். காசிமேட்டில் மீன் பெட்டிகளை எடை போடுகிற வேலை. என் மகள் ஸ்டெல்லாவுக்கு அப்போது பதினாறு வயது. கபடியில் ரெய்டு போனால் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். கபடி சொல்லிக் கொடுக்கிற மாஸ்டர் சொன்னதுதான் அவளுக்கு வேதம். காய்ச்சலோடு பயிற்சிக்குப் போவாள். "மாஸ்டர் என்ன நம்பிகினு கீறாரு நைனா" என்பாள். கீழ்ப்படிகிற பிள்ளை என்று நானும் பூரித்துப் போனேன்.

அந்த மே மாதம் ஐம்பத்தைந்து கிலோவுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளுக்குப் போட்டி. ஆட்டத்துக்கு முன் எடை போடுவார்கள். நூறு கிராம் கூடினாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். அதற்கு மாஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரு வாரம் அரை வயிற்றுச் சோறு. கடைசி இரண்டு நாள் தண்ணீர் கிடையாது. மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் மணலில் ஓட வேண்டும். பிறகு வாயில் புளியை அடக்கி, ஊறுகிற எச்சிலைத் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு பிள்ளைகளும் ஒரே பெயின்ட் பக்கெட்டில் துப்புவார்கள். மாஸ்டர் அதைச் சாய்த்துப் பார்த்து, "இன்னிக்கு சூப்பரா வந்துகீது" என்று சிரிப்பார். அன்றைக்கு அந்தப் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அதோடு விட்டேனா? தினமும் ஏலம் முடிந்ததும் ஸ்டெல்லாவை வரவழைத்து, மீன் பெட்டி வைக்கிற எடை மிஷினில் ஏற்றி நிறுத்தேன். செதிளும் ரத்தத் தண்ணீரும் காயாத பலகை அது. ஒரு நாள் என் மனைவி மேரி பார்த்துவிட்டாள்.

"இன்னாய்யா, பெத்த பொண்ண வஞ்சிரமாட்டம் நிறுத்துகினு கீற? கண்ணு குழி வுயுந்து கீது, தெர்ல?"

"அரை கிலோதான்மே. எறக்கிடுவா."

"ஆமா, எறக்குவ. குழில எறக்குவ."

வெள்ளிக்கிழமை காலை, எடை குறைய வேண்டும், கப்பு வேண்டும் என்று கோயிலில் சத்தமாக வேண்டி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு எண்ணூர் மைதானத்துக்குப் போனேன். ஸ்டெல்லா எடையில் தேறினாள். எல்லோரும் கைதட்டினார்கள். மிஷினை விட்டு இறங்கியவள் அப்படியே விழுந்தாள். கையும் காலும் இழுத்துக்கொண்டன. மாஸ்டர் தன் ஷூ காலால் அவளைத் தள்ளிப் பார்த்தார். "நடிக்காத, எந்திரி. எட போட்டாச்சில்ல, இப்ப தண்ணி குடி." அவள் எழவில்லை. "சரி, அடுத்தவ வா" என்று திரும்பிக்கொண்டார்.

அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடம்பு வற்றி, சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது என்றார் டாக்டர். குழாய் போட்டுக் கட்டிலில் பை மாட்டினார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் பை காலி. நாளைக்குள் வராவிட்டால் டயாலிசிஸ், அதற்குப் பிறகும் உறுதி சொல்ல முடியாது என்று ஞாயிறு காலை சொல்லிவிட்டார். ஸ்டெல்லா கண் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "மாஸ்டர் வந்தாரா நைனா?"

அன்று மதியம் கட்டிலருகில் முழங்காலில் நின்றேன். இதையெல்லாம் ஆண்டவரிடம் எந்த வார்த்தையில் கேட்பது? மேரி என் முதுகில் குத்தினாள்.

"சத்தமா கேளுய்யா! கப்பு வோணும்னு கேக்கசொல்லோ கோயிலே அதிர்ந்துது. இத்த கேக்க வெக்கமா கீதா?"

கேட்டேன். "ஆண்டவரே, எம் புள்ளைக்கு ஒண்ணுக்கு வரட்டும். கப்பு வாணாம். நான் பண்ணது பாவம்." வார்டே திரும்பிப் பார்த்தது. அழுதுகொண்டே செபமாலை சொன்னோம். மூன்று மணிக்கு நர்சம்மா வந்து பையைத் தூக்கிப் பார்த்தார். டீத்தண்ணி நிறத்தில் ஒரு விரல் அளவு! அந்தப் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மாலையில் அவளோடு ஆடுகிற நிரோஷா வந்தாள். உதடு வெடித்திருந்தது. கைக்குட்டையில் துப்பிக்கொண்டே இருந்தாள்.

"மாஸ்டர் இன்னாடி சொன்னாரு?" என்றாள் ஸ்டெல்லா.

"உன் ஜெர்சிய வாங்கியார சொன்னாருக்கா. நாளிக்கு பைனல்."

"நான் எப்டி கீறேன்னு கேட்டாரா?"

நிரோஷா தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்டெல்லா தலைமாட்டிலிருந்த ஜெர்சியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து நீட்டினாள்.

"எட்துகினு போ. மொதல்ல இந்தத் தண்ணிய குடி."

"காலைல மறுபடி எட போடுவாங்கக்கா. ஏறிடும்."

"ஏறட்டும். குடிடி. போயி அல்லாருக்கும் குடு."

அவள் அழுதுகொண்டே ஒரு பாட்டில் முழுவதும் குடித்தாள். மறுநாள் எங்கள் அணியில் ஐந்து பேர் எடை தாண்டினார்கள். அணியை ஆடவே விடவில்லை. மறுவாரம் மாஸ்டர் எங்கள் சந்தில் நின்று, "டீமுக்குத் துரோகம் பண்ணிட்டா" என்று கத்தினார். மேரி துடைப்பத்தோடு வெளியே போனாள். அந்தக் கலீஜ் பிடித்த மனிதர் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

இன்று ஸ்டெல்லா நன்றாக இருக்கிறாள். விம்கோ நகரில் சின்னப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறாள். சனிக்கிழமைகளில் இரண்டு கேன் தண்ணீர் சுமந்து போவது என் வேலை. மாஸ்டருக்குக் கீழ்ப்படிவதும் ஆண்டவருக்குக் கீழ்ப்படிவதும் ஒன்று என்று நினைத்தேன். ஆண்டவர் எந்தப் பிள்ளையையும் தாகத்தோடு ஓட விடுவதில்லை. உங்கள் பிள்ளை பட்டினியாகப் பயிற்சிக்குப் போனால் மெச்சாதீர்கள். எவ்வளவு அசிங்கமான தேவையானாலும் அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர் முகம் சுளிப்பதில்லை.

இதைப் படித்தவர்கள் மற்றவர்களுக்கும் கொடுங்கள். ஒரு வார்த்தையும் மாற்றாதீர்கள். முக்கியமாக, தகப்பனுக்கு ஆபத்து தெரியாது என்று எனக்காக யாரும் சேர்க்க வேண்டாம். என் பிள்ளை வாடுவதைப் பார்த்தேன். தெரிந்துதான் செய்தேன். அப்படிப்பட்டவன் கேட்டும் அவர் கொடுத்தார்.